மிஸ்ட்: சுரங்க வண்டியில் சிக்கினா விடையைத் தேடிப் பார்க்கலாமா? (ஸ்பாய்லர் இருக்கு)

மணிக்கூண்டு:
மிஸ்ட் முடிச்சு நாலு நாளாச்சு. உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல், இங்க கொட்டிடறேன்.

விளையாடாதவங்களுக்கு: 1993-ல வந்த கேம். ராண்ட் மில்லர், ராபின் மில்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், அமெரிக்காவுல ஸ்போகேன் பக்கத்துல சியான்ங்கற சின்னக் குழுவா இருந்து பண்ணினது. ஒரு புத்தகத்தைத் தொட்டதும் ஆளில்லாத தீவுல போய் நிக்கறோம். கையில ஆயுதம் கிடையாது, யாரும் துரத்தறதில்ல, என்ன செய்யணும்னும் யாரும் சொல்றதில்ல. நூலகம், மணிக்கூண்டு, ராக்கெட், பாதி மூழ்கின கப்பல். ஒவ்வொண்ணையும் தொட்டுத் திருகி, எதுக்கு எதோட சம்பந்தம்னு நாமளே புடிக்கணும். அங்கேர்ந்து நாலு உலகத்துக்கு வழி போகுது.

நான் முதல்ல போனது ராக்கெட் வழியா செலனிட்டிக் உலகத்துக்கு. அங்க கடைசில பூமிக்கடியில ஓடற ஒரு வண்டி. ஜன்னல் பூரா பாறைச் சுவர். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஒரு சத்தம் வரும், எந்தப் பக்கம் திருப்பறதுன்னு நாம முடிவு பண்ணணும். மூணு ராத்திரி சுத்தினேன். மூணாவது ராத்திரி ரெண்டு மணிக்கு போனை எடுத்து வாக்த்ரூ, அதாவது முழு விடைக் குறிப்பு, பார்த்துட்டேன். ஒரே வரில திசையெல்லாம் வரிசையா இருந்துது. பார்த்துப் பார்த்து அழுத்தினேன், கதவு திறந்துது.

மறுநாள் மெக்கானிக்கல் உலகம். அங்க ஒரு கோட்டையையே சுழற்றணும், ஆனா சுழற்றும்போது கோட்டை கண்ணுக்குத் தெரியாது. எந்தத் திசையில நிக்குதுன்னு சத்தத்தை வெச்சுதான் தெரிஞ்சுக்கணும். வடக்குக்கு ஒரு "டிங்". அந்த டிங்கைக் கேட்டதும் அப்படியே கையை எடுத்துட்டேன். வண்டில கேட்ட அதே சத்தம். அந்த நிமிஷத்துல எனக்குக் கிடைக்க வேண்டியதை முந்தின ராத்திரியே செலவழிச்சுட்டேன். இனி எத்தனை தடவை ஆடினாலும் அது திரும்பக் கிடைக்காது.

புதுசா ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு பார்க்காதீங்க.

ஞாயிறு_மட்டும்:
தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா தப்பு உங்க மேல இல்ல, கேம் மேல.

எந்த உலகத்துக்கு முதல்ல போகணும்னு மிஸ்ட் சொல்லுதா? இல்ல. பாடம் நடத்துறது ஒரு ஊர்ல, பரீட்சை வெக்கிறது இன்னொரு ஊர்ல. அதுவும் பரீட்சை ஹாலை வெளிய பூட்டிருவாங்க. செலனிட்டிக்ல இருந்து தீவுக்குத் திரும்புற புத்தகமே அந்த வண்டிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. சரி, போய் மெக்கானிக்கல் பார்த்துட்டு வருவோம்னு கிளம்பக்கூட முடியாது. பழைய சேவ் இருந்தாத்தான் உண்டு.

நான் ஆஸ்பத்திரில ஷிப்ட் பாக்குறவ. வாரத்துல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் எனக்குன்னு கிடைக்கும். அதுல மூணு வாரம் ஒரே பாறைச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? நானும் விடையைப் பாத்தேன். ஒரு துளி வருத்தம் இல்ல. பாத்ததுனாலதான் அந்த நாலு உலகத்துல இன்னொண்ணான சானல்வுட்ல மரத்துப் பாலமெல்லாம் நடந்தேன், அந்தத் தண்ணிக் குழாய்களைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு இயந்திரமா ஓட வெச்சேன். இல்லேன்னா சுரங்கத்தோட மூடி வெச்சிருப்பேன்.

பழைய_டிஸ்க்:
பூட்டின ஹால் என்பது உண்மை. ஆனால் அந்த ஹாலுக்குள்ளேயே பாடமும் இருக்கிறது.

வண்டிக்குள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று எழுத்து காட்டும். சத்தத்தைத் திரும்பக் கேட்க பொத்தான் இருக்கும். ஒரு நோட்டை எடுத்து, "இந்தச் சத்தம் வந்தது, இந்தப் பக்கம் போனேன், வழி இருந்தது" என்று எழுதிக்கொண்டே போங்கள். அதே சத்தம் மறுபடி வரும்போது அதே திசை பலித்தால் விஷயம் பிடிபட்டுவிடும். நடுவே சில இடங்களில் இரண்டு சத்தம் கலந்து வரும். மெக்கானிக்கல் உலகத்தில் இது கிடையாது, அங்கே நான்கே திசைதான். கலந்து வந்தால் இரண்டு திசைக்கும் நடுவில், அதாவது தென்மேற்கு, வடகிழக்கு என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். இந்த ஊகத்தைச் செய்த கணம்தான் எனக்கு மிஸ்ட். தீவோ கதையோ அதற்கு அப்புறம்தான்.

1993-இல் இந்த கேம் வந்த பெட்டிக்குள் ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டே ஆடுங்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? என் நோட்டில் மணிக்கூண்டு முள் இருந்த நேரம், நட்சத்திரக் கூட்டங்களின் படம் எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் இருக்கிறது. கோடுகள் கோணல்தான். ஆனால் நான் வரைந்தவை.

விடையைப் பார்ப்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார். இந்த கேமில் அந்த நேரம்தான் கேம். வேகமாக ஆடத் தெரிந்தவர் தீவில் இறங்கிய சில நிமிடத்தில் நூலகத்துக் கணப்பு அடுப்புக்குள் நுழைந்து முடிவைப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தவர் மிஸ்ட் ஆடினார் என்று யாராவது சொல்வோமா?

ஒற்றைக்காது:
எனக்கு இடது காது கேக்காது, பத்து வயசுல இருந்து. வலது காதும் முழுசா இல்ல.

செலனிட்டிக் முழுக்க காதுக்கான உலகம். தண்ணி, நெருப்பு, கடிகாரம், படிகம், காத்துன்னு அஞ்சு இடத்துல அஞ்சு சத்தம். மைக்கை ஆன் பண்ணிட்டு, ஆன்டெனாவைத் திருப்பி ஒவ்வொண்ணையும் தனியா புடிக்கணும். அதை எப்படியோ ஓட்டிட்டேன், இரைச்சல் குறையறப்போ திரையில எண் தெரியுது. ஆனா சுரங்க வண்டில ரெண்டு சத்தம் கலந்து வருதுன்னு பழைய_டிஸ்க் சார் சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும். எனக்கு அது ஒரே ஒரு மங்கலான இடி. நோட்டு போட்டேன் சார். நாலு பக்கம் போட்டேன். எல்லா வரிலயும் "இடி"ன்னுதான் எழுதியிருந்தேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ராக்கெட்ல பியானோ மாதிரி கட்டைங்க இருக்கே, அஞ்சு சுரத்தை எதிர்ப்பக்கத்துல நெம்புகோல்ல கொண்டு வரணும். எனக்கு சுருதி பிரியாது. கட்டையை இடது ஓரத்துல இருந்து எண்ணினேன், நெம்புகோலையும் கீழ இருந்து அத்தனை படி ஏத்தினேன். அஞ்சையும் வெச்சு கைப்பிடியை இழுத்தேன். புத்தகம் வந்துது. காது இல்லாம ஒரு காதுப் புதிரைத் தீர்த்தேன். அன்னிக்கு ராத்திரி தூங்கல.

அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ராக்கெட் என்னுது. சுரங்கத்துக்கு விடையைப் பார்த்தேன், அதுக்காக யார்கிட்டயும் தலை குனிய மாட்டேன்.

பழைய_டிஸ்க்:
நீங்கள் தலை குனிய வேண்டியதே இல்லை. ஒலியை மட்டும் நம்பி ஒரு வாசலை வைத்தது மிஸ்டின் குறைதான். நான் அதை யோசித்ததே இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நேரமில்லை என்ற காரணத்தை அதே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. குறிப்பு கேட்பது வேறு, விடையை எழுதிக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தைப் பழைய ஆட்கள் அறிந்திருந்தார்கள். எண்பதுகளில் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் தன் எழுத்து வடிவ கேம்களுக்குக் குறிப்புப் புத்தகம் விற்றது. கேள்வி மட்டும் அச்சில் தெரியும், பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். கூட வரும் பேனாவால் தேய்த்தால் ஒரு வரி தெரியும். முதல் வரி லேசான சாடை, அடுத்தது கொஞ்சம் கூடுதல், கடைசி வரிதான் விடை. எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில். போனில் இன்று தேடினால் கடைசி வரிதான் முதலில் வந்து நிற்கிறது.

கரும்பலகை:
நான் தமிழாசிரியர். இந்த கேமை மகன் ஆடக் கூட உட்கார்ந்து பார்த்தவன். எனக்கு ஞாபகம் வந்தது கோனார் உரை. செய்யுளை ஒருமுறை தட்டுத் தடுமாறி வாய்விட்டுப் படித்துவிட்டு உரையைத் திறக்கும் பிள்ளைக்கு அது விளக்கு. செய்யுளையே பார்க்காமல் உரையைத் திறக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் வரும், செய்யுள் வராது. மணிக்கூண்டு மூன்று ராத்திரி படித்த பிறகுதான் திறந்திருக்கிறார். அவர் இவ்வளவு வருந்த வேண்டாம்.

மணிக்கூண்டு:
சார், மூணு ராத்திரி சுத்தினேனே தவிர படிக்கல. நோட்டு எடுக்கவே இல்ல. எனக்கு நானே கோபப்படறது அதுக்குத்தான். ஒற்றைக்காது அண்ணன் நாலு பக்கம் எழுதிட்டுப் பார்த்தாரு, நான் கண்ணை மூடிக்கிட்டு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சலிச்சுப் போய்ப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணில்ல.

ஞாயிறு_மட்டும்:
கோனார் உரை வெச்சுத்தான் நான் பத்தாவது தேறினேன் சார். வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. அந்த உரை இல்லேன்னா நர்சிங் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன். உரையைத் திட்டுறப்ப அதையும் நெனச்சுக்கங்க.

பழைய_டிஸ்க் சாருக்கு: மிஸ்ட் வந்த காலத்துலேயே அதுக்கு முழு விடையோட அதிகாரபூர்வ வழிகாட்டிப் புத்தகம் கடையில வித்தாங்க. பெட்டிக்குள்ள வெத்து நோட்டு வெச்ச அதே கேமுக்குத்தான். 2002-ல தி சிம்ஸ் முந்துற வரைக்கும் கம்ப்யூட்டர் கேம்லயே அதிகமா வித்தது மிஸ்ட்தான். வாங்குன அத்தனை பேரும் ஒரு வரி பாக்காம முடிச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா? பொறுமை பொறுமைங்கறீங்க. அதுக்கு மொதல்ல நேரம் கையில இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யோசிக்கிறவங்க மறுநாள் ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போறவங்களா இருக்க மாட்டாங்க.

பழைய_டிஸ்க்:
> பொறுமை பொறுமைங்கறீங்க. அதுக்கு மொதல்ல நேரம் கையில இருக்கணும்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் ஆடியபோது எனக்குப் பத்தொன்பது வயது, கோடை விடுமுறை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மூன்று ஞாயிறு ஒரே சுவரைப் பார்ப்பது வீண் என்கிறீர்கள். நடுவில் இருக்கும் ஆறு நாளும் அந்தச் சத்தம் தலைக்குள் ஓடும் அல்லவா? பஸ்ஸில், குளிக்கும்போது. எனக்குப் பாதிப் புதிர்கள் திரைக்கு வெளியேதான் அவிழ்ந்தன. அந்த ஆறு நாளையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த பாகமான ரிவனை ஆட எண்ணம் இருந்தால், அங்கே தயவுசெய்து விடையைத் திறக்காதீர்கள். 1997-இல் ஐந்து சிடியில் வந்தது. மிஸ்டில் ஒரு அறைக்கு ஒரு புதிர். ரிவனில் ஐந்து தீவும் சேர்ந்து ஒரே புதிர். கடைசியில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து, மொத்தம் 625 கட்டம் உள்ள பலகையில் நிறக் கோலிகளை வைக்க வேண்டும். குருட்டாம்போக்கில் வைக்கவே முடியாது. அந்த மக்களின் எண், அவர்கள் நிறத்துக்கு எழுதும் குறி, தீவுகளின் நிலப்படம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விடையைப் பார்த்தால் ஐந்து தீவையும் பார்க்காமல் போன மாதிரி. 2024-இல் புதிதாக எடுத்த ரிவனில் புதிர்களை மாற்றியிருக்கிறார்கள், பழைய விடைகள் அதில் அப்படியே செல்லாது. அந்த ஒரு காரணத்துக்கே எனக்கு அது பிடித்தது.

ஞாயிறு_மட்டும்:
பழைய ரிவன் ரெண்டு வாரமா ஆடுறேன். சொல்லாம வெச்சிருந்தேன்.

காட்டுத் தீவுல ஒரு பள்ளிக்கூட அறை இருக்கு. அதுல ஒரு பொம்மை. கயித்துல ரெண்டு ஆளு தொங்குறான், கீழ வாயைத் திறந்துக்கிட்டு ஒரு பெரிய மீனு. கைப்பிடியை இழுத்தா ஒரு குறி வரும், அத்தனை படி ஒரு ஆளு கீழ இறங்குவான். மீன் வாய்க்குள்ள போனதும் ஆட்டம் முடிஞ்சுது. அந்த ஊர்ப் பிள்ளைங்க எண்ணு படிக்கிறதே இப்படித்தான். எனக்கு அதைப் பாத்ததும் வயித்தைப் பெசஞ்சிருச்சு, அந்த ஊரை ஆளுறவன் எப்பேர்ப்பட்டவன்னு ஒரு பொம்மையிலேயே தெரிஞ்சு போச்சு.

என் மக பக்கத்துல உக்காந்து ரஃப் நோட்டுல ஒவ்வொரு குறியா வரைஞ்சா. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் வந்துச்சு. நான் காப்பி போட எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்தா நோட்டைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சுக்கிட்டு, "அம்மா, அஞ்சுங்கறது ஒண்ணு படுத்துக்கிட்டு இருக்கும்மா. பத்துங்கறது ரெண்டு படுத்துக்கிட்டு இருக்கு"ங்கறா. அப்ப பதினஞ்சு? மூணைப் படுக்கப் போட்டு வரைஞ்சுட்டா. பொம்மை பத்தோட நின்னு போச்சு, இவ அதுக்கு மேல எழுதிட்டுப் போறா.

அந்த நோட்டை வாக்த்ரூவுல இருக்கற படத்துக்கு மாத்திக்க மாட்டேன். அதை ஒத்துக்கறேன் சார். ஆனா அடுத்த ஞாயிறு எதுலயாவது மாட்டுனா பாப்பேன். அதையும் சொல்லிட்டேன்.

மணிக்கூண்டு:
அக்கா, படிச்சதும் நானும் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டேன். ரிவன் இன்னிக்கு ஆரம்பம். எண்ணு பத்தி இந்த இழையில தெரிஞ்சு போச்சு, பரவாயில்ல. மத்தது எதையும் இங்க போடாதீங்க.

ஒற்றைக்காது:
நானும் அதே தீவுலதான் இருக்கேன். இங்க மரத்துல செஞ்ச உருண்டைங்க இருக்கு, கண்ணு மாதிரி. சுத்திவிட்டா பின்னாடி ஒரு குறி தெரியுது, கூடவே ஒரு சத்தம் வருதுன்னு நினைக்கிறேன். குறியை வரைஞ்சுட்டேன். சத்தம் எனக்கு எட்டல.

யாராவது அந்தச் சத்தத்தை மட்டும் எழுத்துல எழுதித் தர முடியுமா? என்ன அர்த்தம்னு சொல்லாதீங்க. அதை நானே கண்டுபிடிக்கணும்.

பழைய_டிஸ்க்:
இன்று இரவு நிறுவி ஒவ்வொன்றாகச் சுற்றிக் கேட்கிறேன். எதன் சத்தம் என்று எழுத மாட்டேன், எப்படிக் கேட்கிறது என்று மட்டும். உருண்டை இருக்கும் இடத்தைச் சொல்லி ஒவ்வொன்றையும் தனி வரியில், உங்களுக்கு மட்டும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

ஒற்றைக்காது:
அது போதும் சார். நீளமா குட்டையா, விட்டு விட்டு வருதா, எத்தனை தடவைன்னும் போட்டுடுங்க.