ஸ்டேட்டிக் கேமராவை டிஎச்சிபிக்கு மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் ஈரோடு பக்கம் சிசிடிவி வேலை பார்க்கிறேன். ஒரு மஞ்சள் கோடவுனில் இன்டர்நெட் இணைப்பை மாற்றினார்கள். பழைய ரவுட்டர் 192.168.1.1, புதிதாக வந்தது 192.168.29.1. கேமராக்கள், ரெக்கார்டர் எல்லாமே பழைய ரவுட்டரின் எண் வரிசையில் ஸ்டேட்டிக், அதாவது ஐபி முகவரியைக் கையால் நிலையாகப் போட்டு வைத்தவை. அவை ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருந்ததால் டிவியில் படம் ஓடியது, ரெக்கார்டிங்கும் நடந்தது. ஆனால் பழைய எண்ணோடு புது ரவுட்டர் வழியாக வெளியே போக முடியாததால் முதலாளியின் போனில் மட்டும் எதுவும் வரவில்லை. "கேமரா எல்லாம் போச்சு" என்று கூப்பிட்டார்கள். புதுசு வாங்கச் சொல்லி ஒருவர் விலையும் கொடுத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அத்தனையும் நல்ல கேமராக்கள்.

அதனால் எல்லாவற்றையும் டிஎச்சிபிக்கு, அதாவது ரவுட்டரே தானாக ஐபி கொடுக்கும் முறைக்கு மாற்றினேன். இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். கேமராவைத் தொடும் முன்பே அதன் ஸ்டிக்கரில் உள்ள மேக் அட்ரஸை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொண்டு, ரவுட்டரில் அந்த மேக்குக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுவேன். சில ரவுட்டர்களில் அது டிஎச்சிபி பூலுக்குள் (ரவுட்டர் கொடுப்பதற்கென வைத்திருக்கும் எண்கள்) இருக்கும் எண்ணாக இருந்தால்தான் ஏற்கும். அதன்பிறகு லேப்டாப்புக்கு 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்தால் கேமராவின் பக்கம் பிரவுசரில் திறக்கும். அங்கே டிஎச்சிபி என்று மாற்றி சேவ் கொடுத்ததும் பக்கம் அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பழைய முகவரியை விட்டு கேமரா கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ரவுட்டரின் பட்டியலில் அதே மேக் புது எண்ணோடு தெரிந்த பிறகுதான் அடுத்த கேமரா. ரெக்கார்டருக்கும் இதே முறைதான். கடைசியில் ரெக்கார்டருக்குள் ஒவ்வொரு சேனலின் ஐபியையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இடையில் ரெக்கார்டிங் நிற்கும் என்பதால் ஆள் இருக்கும் பகல் நேரத்தில் செய்வது நல்லது.

* * *

அண்ணா, நான் காரைக்குடியில் சின்னதா ஒரு பாத்திரக்கடை வெச்சிருக்கேன். எங்களுக்கு மாட்டினவர் டிஎச்சிபி போட்டார், நீங்க சொன்ன மாதிரி ஐபியை ஒதுக்கலை. கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும் "கல்லா"ன்னு பேர் போட்ட சேனல்ல பின்வாசல் ஓடுது, "பின்வாசல்"ல கல்லா ஓடுது! எல்லா கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டுங்கிறதால ரெக்கார்டர் கேள்வியே கேட்காம ஏத்துக்கிச்சு. ஒரு கணக்குத் தகராறுல பழைய பதிவைத் தேடினப்பத்தான் இது தெரிஞ்சுது. ஒரு பாவப்பட்ட பையன்மேல பழி விழ இருந்தது. தயவுசெஞ்சு இதை யாரும் சின்ன விஷயமா நினைக்காதீங்க.

* * *

காரைக்குடி அக்கா சொன்னது உண்மை. வீட்டு ரவுட்டர்கள் பல, அணைந்து எழுந்தால் யாருக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். முதலில் கேட்டவருக்கு முதல் எண் என்று கொடுக்கும்.

இன்னொன்று. கரண்ட் வந்ததும் சில இடங்களில் ரவுட்டர் எழுவதற்குள் கேமரா எழுந்துவிடுகிறது. ஐபி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அப்போது சில கேமராக்கள் தாங்களாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். சில, கம்பெனியில் முதலில் போட்டு அனுப்பிய ஐபி முகவரிக்கே திரும்பும். கேமராவைக் காணோம் என்றால் அங்கேயும் தேடிப் பாருங்கள்: ஹிக்விஷனில் 192.168.1.64, டாஹுவாவில் 192.168.1.108, பழைய ஆக்ஸிஸ் மாடல்களில் 192.168.0.90. நான் ரவுட்டரையும் பிஓஇ சுவிட்சையும் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுப்பது) ஒரே யுபிஎஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு இந்தப் புகார் வரவில்லை.

ஒரு சந்தேகம் அண்ணே. கோடவுனில் புது ரவுட்டரின் முகவரியையே 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் கேமராக்களைத் தொடாமலே வேலை முடிந்திருக்குமே?

* * *

முடிந்திருக்கும் தம்பி, அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் நாளைக்கு ரவுட்டர் கெட்டு வேறொன்று வந்தால், அதிலும் யாராவது உள்ளே போய் அதே மாற்றத்தைச் செய்தாக வேண்டும். டிஎச்சிபியில் இருந்தால் எந்த ரவுட்டர் வந்தாலும் கேமராக்களை ஒருமுறை அணைத்துப் போட்டால் அதன் பட்டியலில் வந்து நிற்கும். ஒதுக்கீட்டைப் புதிதாகப் போட்டு, சேனல்களைச் சரிபார்த்தால் போதும், லேப்டாப்பில் பழைய வரிசையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்காகவே மேக், ஐபி, இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரெக்கார்டர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வருகிறேன்.

கேமரா கேபிள் நேராக ரெக்கார்டரின் பின்பக்க பிஓஇ போர்ட்டுக்குப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ரெக்கார்டரே தனக்குள் ஒரு தனி நெட்வொர்க் வைத்துக் கேமராவுக்கு ஐபி கொடுக்கும். அந்த இடத்தில் கேமராவில் கை வைக்க வேண்டாம், ரெக்கார்டரின் நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் டிஎச்சிபிக்கு மாற்றினால் போதும்.