அப்பம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டு: எதை எழுதுவது, எங்கே பிழைக்கும்?

வடலி:
அப்பம்மாவின் எட்டுச்செலவு (எட்டாம் நாள் கிரியை) முடிந்துவிட்டது. 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று கொடுக்க 32 பக்கத்தில் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்கவேணும். பார்த்த கல்வெட்டுகள் எல்லாவற்றிலும் "இறைபக்தி மிக்கவர், விருந்தோம்பலில் சிறந்தவர்" என்ற அதே வரிகள்தான். அவவின் பக்தியை அவவுடையதாகவே எழுத என்ன வழி? அவ மோசம்போனது (இறந்தது) ரொறன்ரோவில், ஜூலை மாதம், இரவு 9 மணிக்கு. இறந்த திதியைச் சொல்லிப் பாடுகிற திதி வெண்பாவுக்கு எந்தத் திதியைக் கொடுப்பது?

ஏட்டுச்சுவடி:
முதலில் திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைத்தூரம் 12 பாகை கூடினால் ஒரு திதி. அது உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதென்றால் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கோ. கோடையில் ரொறன்ரோவோடு வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. உங்கள் இரவு 9 மணி அங்கே மறுநாள் காலை 6.30. கனடாத் திகதிக்கு நேரே இருப்பதை அப்படியே எடுப்பதால்தான் திதி ஒன்று முந்திவிடுகிறது. ஆண்டுத் திவசமும் இதை வைத்துத்தான் வரும் என்பதால் இதில் அவசரப்படாதேங்கோ. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கத்திலும் திதி முடிகிற நேரம் வேறுபடும். வீட்டில் வழக்கமாக எதைப் பார்க்கிறீர்களோ அதையே குருக்களுக்கும் சொல்லுங்கோ.

வெண்பா பாடுபவருக்கு வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையான பூர்வபக்கமா, தேய்பிறையான அபரபக்கமா), திதி, பெயர், ஊர் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கோ. தொலைபேசியில் சொன்னால் பூர்வபக்கம் அபரபக்கமாகிவிடும். தமிழ் வருடம் ஜனவரியில் மாறாது. 2026 ஜனவரியில் இறந்தவருக்கும் விசுவாவசுதான், சித்திரை பிறந்தால்தான் பராபவ. வெண்பா நாலடி, 15 சீர், கடைசியடியில் மூன்றே சீர். பெயர் நீளம் என்று நீங்களாக ஒரு சீரை வெட்டினால் சீருக்குச் சீர் இருக்கிற தளை தட்டும். அவரிடமே திருப்பிக் கொடுங்கோ.

முற்றத்துவேம்பு:
வாழ்க்கை வரலாற்றுக்குப் பிள்ளைகளை விட முதலில் அவவின் சகோதரங்களைக் கேளுங்கோ. கலியாணத்துக்கு முந்தின காலம் அவர்களுக்குத்தான் தெரியும்.

"பக்தி எப்படி?" என்று கேட்டால் பதில் வராது. கந்தசட்டி ஆறு நாளும் இளநீர் மட்டுமா, ஒருநேரம் பாலும் பழமுமா? கேதாரகௌரி 21 நாளும் பிடித்தாவா, காப்பு யார் கட்டிவிட்டது? நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லையா? தேருக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவா? பனிக்காலத்தில் கோயிலுக்குப் போகமுடியாத நாளில் என்ன செய்தா? இப்படிக் கேளுங்கோ. "கொடியேறின அன்று கவிழ்த்த மச்சச்சட்டியைத் தீர்த்தம் முடிந்த பிறகுதான் நிமிர்த்துவா" என்று ஒரு வரி கிடைத்தால் போதும், "இறைபக்தி மிக்கவர்" தேவையே இல்லை.

பஞ்சபுராணத்துக்கு அவ பாடின பாட்டுகளையே தெரிந்தெடுங்கோ. வரிசை மட்டும் மாறக்கூடாது: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். இணையத்தில் எடுத்து ஒட்டாமல் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கோ, சீர் பிரிப்பில் நிறையப் பிழை இருக்கும். அவவின் பாட்டுக் கொப்பி இருந்தால் ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கோ. அதில் எழுத்துப்பிழை இருந்தாலும் தொடாதேங்கோ, அது அவவின் கை.

பனங்கூடல்:
அச்சுப் பக்கம். நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் என்றால் பக்கத் தொகை நாலால் பிரிபடவேணும். 32 சரி, அட்டை வேறு. ஒரு பக்கம் கூடினாலும் 36க்குப் போகும். அந்த மிச்சத்தைப் படங்களுக்கு விடுங்கோ.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவை சுருங்கிவிடும். 1600 புள்ளி அகலப் படம் 300 டிபிஐயில் 13.5 சென்டிமீற்றருக்கு மேல் தாங்காது. டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கோ. பழைய கலியாணப் படத்தைக் கண்ணாடிக்கு மேலால் கைபேசியில் எடுக்காமல், சட்டத்தில் இருந்து கழற்றி 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கோ. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்கவேண்டாம், உரிந்துவிடும்.

ஊரில் தட்டச்சு செய்வது அநேகமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில். நீங்கள் யுனிகோடில் எழுதி, இரண்டும் கலந்தால் கொம்பும் அரவும் (ெ, ா குறிகள்) இடம்மாறும். முழுவதையும் ஒன்றாக்கி, பிடிஎஃப் ஆக்கிய பிறகு திரும்ப வாசியுங்கோ.

எல்லாவற்றிலும் மனம் நோகவைக்கிற பிழை உறவுப் பட்டியலில்தான். "காலஞ்சென்ற இன்னார், இன்னார் ஆகியோரின் சகோதரி" என்றால் இரண்டாமவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா? இருவரும் இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான" என்று போடுங்கோ. ஒருவர் இருந்தால் அவர் பெயரை முன்னுக்குக் கொண்டுவாங்கோ. குழந்தையிலேயே தவறிப்போன பிள்ளையின் பெயரையும் விடாதேங்கோ.

20ஆம் நாளுக்குள் எழுத்து முடியவேணும். 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களைச் சேர்க்கிறார்கள். அங்கே கொடுக்கிற பிரதியில் நன்றியுரைக்குக் கீழே உள்ள வீட்டு விலாசத்தையும் தொலைபேசி இலக்கங்களையும் எடுத்துவிடுங்கோ.