[கலைச்சொல்] 'இன்டர்ன்மென்ட்': தடுப்புக்காவலா, சிறைவைப்பா, வேறொன்றா?

ஸ்கார்பரோ, தமிழ் வகுப்பு ஆசிரியை:

குழுமத்தார்க்கு வணக்கம். ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பில் எல்லாரும் படித்தாக வேண்டிய கனடிய வரலாற்றுப் பாடத்துக்கு, அண்மையில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்குமாக ஒரு துணைநூல் ஆயத்தமாகிறது. வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகவேண்டும். கட்டாய ஆட்சேர்ப்பு, பங்கீட்டு அட்டை, போர்க்கடன் பத்திரம் ஆகியவற்றில் தகராறு இல்லை; 'இன்டர்ன்மென்ட்', அதாவது போரின்போது அரசு மக்களை முகாம்களில் அடைத்துவைப்பது, அது ஒன்றுதான் இழுபறியில் நிற்கிறது.

முதல் உலகப் போரில் 'பகைநாட்டு அயலார்' என்று 24 முகாம்களில் 8,579 பேரை அடைத்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகளாக இருந்த உக்ரேனியர். இரண்டாம் போரில், 1942இல், பசிபிக் கரையிலிருந்து நூறு மைலுக்குள் வாழ்ந்த ஜப்பானியக் கனடியர் ஏறத்தாழ 22,000 பேரை அகற்றினார்கள். இரண்டையும் பாடநூல் ஒரே சொல்லால் குறிக்கிறது. இப்போதைக்குப் 'போர்க்காலத் தடுப்புக்காவல்' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

சென்னை, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. தடுப்புக்காவல் எங்கள் சட்டத்தில் குறிப்பிட்ட ஓர் ஆளின்மேல், காரணம் காட்டி, எழுத்தில் பிறப்பிக்கும் ஆணையைச் சார்ந்தது. ஆலோசனைக் குழுமம் அதை ஆராயவும் செய்யும். 1942இல் எவருக்கும் தனித்தனியே காரணம் காட்டப்படவில்லை, பாட்டன் ஜப்பானியர் என்பதே போதுமானதாக இருந்தது. 'தடுத்துவைப்பு' என்று பொதுவாக எழுதினால் சட்டக் குழப்பமேனும் வராது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'தடுத்துவைப்பு' வலுவற்ற சொல். ஆற்றையும் தடுத்து வைக்கிறோம், அழுகையையும் தடுத்து வைக்கிறோம். நம்மிடம் 'சிறை' இருக்கிறது. செறுத்தல் என்றால் தகைதல், அதிலிருந்து பிறந்ததே சிறை என்பது என் துணிபு. கரைக்கும் அணைக்கும் பறவையின் சிறகுக்கும் அந்தச் சொல்லே வழங்குவதால் சுற்றி வளைத்தல் என்னும் பொருள் அதில் பொதிந்து கிடக்கிறது. மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதை ஒன்றே உண்டு என்பதை இங்குள்ளோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோடுதல் வளைதலாதலின், வளைத்து அடைத்த இடம் கோட்டம். ஆகவே 'கோட்டவைப்பு' என்று முன்மொழிகிறேன். ஆங்கிலக் 'கோர்ட்'டும் இந்தக் கோட்டத்துக்கு உறவே என்பது என் நெடுநாள் கருத்து. அதனைத் தனி மடலில் விரிப்பேன்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தனி மடலுக்கே விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் கோட்டம் என்றால் கோட்டக்கல்வி அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 'கோட்டவைப்பு' என்று கண்ட தாய்மார் யாரோ ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைத்ததென்று எண்ணிக்கொள்வர். சிறைக்கு நாங்கள் 'மறியல்' என்போம். நீதிமன்றத்திலும், வழக்கு முடியும்வரை காவலில் வைப்பதற்கு, 'விளக்கமறியல்' நாள்தோறும் புழங்குகிறது. 'முகாம் மறியல்' என்று வைத்தால் ஸ்கார்பரோவில் பாதிப் பேருக்கு விளக்கமே தேவைப்படாது.

சென்னை, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

மற்றப் பாதிப் பேர், ஜப்பானியக் கனடியர் சாலையில் உட்கார்ந்து பேருந்தை மறித்தார்கள் என்று படித்துக்கொள்வார்கள்.

வான்கூவர், நூலகர்:

வேர்ச்சொல்லுக்குப் போகுமுன் நடந்ததைப் பார்த்துவிடுவது நல்லது. இங்கே ஹேஸ்டிங்ஸ் பூங்கா என்ற கண்காட்சித் திடல் இருக்கிறது. 1942இல் கரையோர ஊர்களிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களை முதலில் இங்கேதான் வைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் தங்கியது கால்நடைக் கண்காட்சிக் கட்டடத்தில், மாடு கட்டும் தொழுவங்களில், இடையே போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டுக்கொண்டு. பிறகு ஸ்லோக்கன், நியூ டென்வர், தாஷ்மி என உள்நாட்டு மலைப் பள்ளத்தாக்குகளுக்கு அனுப்பினார்கள். ஆல்பர்ட்டாவின் சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்குப் போனவர்களும் உண்டு. அங்கே கூலி வேலை செய்தால் குடும்பத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம் என்பதே காரணம்.

சட்டத்தின் கண்ணில் உண்மையாக 'இன்டர்ன்' செய்யப்பட்டோர் ஒன்ராறியோவின் ஏங்லர் போன்ற போர்க்கைதி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 700 ஆண்கள் மட்டுமே. எஞ்சியோரில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது அங்கு குடியுரிமை பெற்றவர்கள். சொந்த நாட்டவரான அவர்களுக்கு நடந்ததை அரசு 'வெளியேற்றம்' என்று எழுதிக்கொண்டது. ஏங்லரில் இருந்தோருக்கு அரசுச் செலவில் சோறு. பள்ளத்தாக்குகளில் இருந்தோரின் வீட்டையும் நிலத்தையும் படகையும் அவர்களைக் கேளாமலே விற்று, அந்தப் பணத்திலிருந்தே அவர்கள் சாப்பாட்டுச் செலவைக் கழித்தார்கள். இந்த இரண்டையும் ஒரு சொல்லுக்குள் திணிப்பது அரசுக்குத்தான் வசதி.

'போர்க்கால' என்ற அடையையும் எடுத்துவிடுங்கள். முதல் போர் 1918இல் முடிந்தும் முகாம்கள் முற்றிலும் மூடப்பட்டது 1920இல். இரண்டாம் போர் 1945இல் முடிந்தும் ஜப்பானியக் கனடியர் கரைக்குத் திரும்ப இசைவு கிடைத்தது 1949 ஏப்ரல் 1இல்.

ஸ்கார்பரோ, தமிழ் வகுப்பு ஆசிரியை:

அடையை இப்போதே நீக்குகிறேன். தொழுவச் செய்தியைக் கண்ட பிறகு 'பட்டியடைப்பு' என்று எழுதலாமா என்று தோன்றியது. ஆனால் முதல் போரில் ஒன்ராறியோவின் கபுஸ்கேசிங் முகாமில் இருந்து காட்டில் மரம் வெட்டிய உக்ரேனியருக்கு அது பொருந்தாது, சொல்லுக்குள்ளேயே ஏச்சும் ஏறிவிடுகிறது. 'முகாமடைப்பு' எப்படி? முகாம் எல்லாருக்கும் தெரியும், அடைப்பு என்றால் தாமாகப் போகவில்லை என்பதும் விளங்கும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முகாம் அரபுச் சொல். 'பாசறை' இருக்கும்போது இரவல் ஏன்?

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:

பாசறைக்கு வேந்தன் படையோடு போவான், ஐயா, திரும்பியும் வருவான். முகாம் என்ற சொல்லை எங்கள் சனத்துக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து வவுனியாவின் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தோரின் இடத்துக்கு அரசாங்கம் இட்ட பெயர் 'நலன்புரி நிலையம்'. பெயர் வைத்தவன் யாரென்று பார்த்தே சொல்லை எடுக்கவேண்டும் என்பதால், 'வெளியேற்றம்', 'இடமாற்றம்' போன்ற அரசுச் சொற்கள் மேற்கோள் குறிக்குள் மட்டும் வரட்டும். நான் 'முகாமடைப்பு'க்கு இணங்குகிறேன்.

வான்கூவர், நூலகர்:

நான் இணங்கவில்லை. உக்ரேனியருக்கும் ஏங்லரில் இருந்தோருக்கும் 'முகாமடைப்பு' பொருந்தும். 22,000 பேருக்கு நடந்தது வீட்டோடும் தொழிலோடும் பிடுங்கி எறிந்தது. அவர்களுடைய பிள்ளைகளிலேயே பலர் 'வேரறுப்பு' என்ற பொருளில்தான் பேசுகிறார்கள். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோருக்கு ஆளுக்கு 21,000 டாலர் கொடுத்தது. அப்போது ஏற்றுக்கொண்ட அநீதிகளுள் அடைத்து வைத்தது ஒன்று, சொத்தைப் பறித்தது இன்னொன்று. இரண்டு சொற்கள் வேண்டும்.

ஸ்கார்பரோ, தமிழ் வகுப்பு ஆசிரியை:

மறுப்பைக் குறித்துக்கொண்டேன். இப்போதைக்கு 'முகாமடைப்பு' என்பதே தலைச்சொல்லாகப் போகிறது. 1942 குறித்த பாடத்தில் மட்டும் 'வேரறுப்பும் முகாமடைப்பும்' என்று வரும். போருக்குப் பின் ஜப்பானியக் கனடியரை ஜப்பானுக்கு அனுப்பியதைக் குறிக்கும் 'ரீபேட்ரியேஷன்' என்பதற்குத் 'தாயகம் திரும்பல்' என்று எழுதியிருக்கிறேன், அதில் சிக்கல் இராது என்று நம்புகிறேன்.

சென்னை, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

சிக்கல் அதில்தான் பெரிது. 1946இல் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 4,000 பேரில் பலர் கனடாவில் பிறந்து, ஜப்பானைக் கண்ணால் கண்டிராதவர்கள். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த தமிழர்களை எங்கள் அரசாணைகள் 'தாயகம் திரும்பியோர்' என்றே குறித்தன. கண்டியிலும் பதுளையிலும் பிறந்தவர்களுக்கு எது தாயகம் என்று அவர்களைக் கேட்டா எழுதினார்கள்? 'நாடுகடத்தல்' என்று வையுங்கள்.

வான்கூவர், நூலகர்:

கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள் என்பதால் 'நாடுகடத்தல்' என்றதும் ஆசிரியர்கள் மறுப்பார்கள். ராக்கி மலைக்குக் கிழக்கே போவது அல்லது ஜப்பானுக்குப் போவது என்று இரண்டே வழியைக் காட்டி வாங்கிய கையெழுத்து அது என்பதையும் சொல்லவேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'முகாமடைப்பு'க்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். 'கடத்தல்' என்பதன் வேர் குறித்து நாளை எழுதுகிறேன்.

ஸ்கார்பரோ, தமிழ் வகுப்பு ஆசிரியை:

நாளை வெள்ளி, ஐயா. அந்த இடத்தில் 'ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர்' என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். கலைச்சொல் அடுத்த பதிப்புக்கு.