கடலோர வீட்டில் மின்சாரத் தச்சுக் கருவிகள்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படிப் பணம் கட்டுவது?

வெள்ளவத்தைவாசி கேட்கிறார்:

வணக்கம். அலுவலகம் முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலும் மரவேலை செய்பவன் நான். இதுவரை கைவாள், சீவுளி, மூன்று உளிகள் ஆகியவற்றோடு சமாளித்து வந்தேன். தங்கையின் புது வீட்டுக்கு மஹோகனிப் பலகையில் ஆறடி உயரப் புத்தக அலுமாரி ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான், கைவாளை மட்டும் நம்பினால் அடுத்த தைப்பொங்கலுக்கும் வேலை முடியாது என்பது புரிந்தது.

கையில் 180,000 ரூபாய் இருக்கிறது. பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில், நான் கேள்விப்படாத பெயருடைய வட்டவாள், ரவுட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் கருவி), மின்சீவுளி, துளைகருவி, தேய்ப்பான் ஆகிய ஐந்தையும் ஒரே பெட்டியாக இந்தத் தொகைக்குள் தருவதாகச் சொன்னார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் கருவிகளை எடுத்தால் இரண்டுக்கு மேல் கட்டுப்படியாகாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவிகள் பாதி விலையில் கிடைப்பதாக நண்பர் ஒருவரும் சொல்கிறார்.

எங்கள் வீடு காலி வீதிக்குக் கடற்பக்கமாக, மூன்றாம் மாடியில் இருக்கிறது. பல்கனியை ஒட்டிய சிறு களஞ்சிய அறையில்தான் கருவிகளை வைக்க முடியும். கடந்த மாதம் கைவாளைத் துடைக்காமல் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தபோது, என் பெருவிரலின் ரேகை அப்படியே கறளாகத் தகட்டில் பதிந்திருந்தது. இந்தக் காற்றில் விலை கூடிய கருவியை வைப்பதற்கே பயமாக இருக்கிறது. தவணைக்கு எடுப்பது நல்லதா என்பதையும் விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொடைத் தச்சர்:

தம்பி, முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. அந்த ஐந்து கருவிப் பெட்டியை வாங்க வேண்டாம். அலுமாரிக்கு உங்களுக்குத் தேவை, பலகையை நேராக அறுக்க ஒரு வட்டவாளும், தட்டுகளைச் செருகுவதற்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க ஒரு ரவுட்டரும் மாத்திரமே. துளைகருவியை அயலில் இரவல் வாங்கலாம். சீவுளி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கடையில் நான் முதலில் விலை கேட்பதில்லை. "இதற்குரிய காபன் பிரஷ் ஒரு சோடி இப்போது தர முடியுமா?" என்றுதான் கேட்பேன். மோட்டாருக்குள் தேய்ந்து தேய்ந்து தீருகிற பொருள் அது. அதை உடனே எடுத்து மேசையில் வைக்கிற கடையில், நாளைக்கு ஆர்மேச்சரும் (மோட்டாரின் சுழலும் பாகம்) சுவிட்சும் கிடைக்கும். "சொல்லி எடுப்பித்துத் தருகிறோம்" என்று இழுத்தால், முதல் பழுதோடு அந்தக் கருவி பரணுக்குப் போய்விடும். மக்கிட்டா, பொஷ் போன்றவற்றை நாங்கள் விரும்புவது பெயருக்காக அல்ல. பஸ் ஏறிப் போகிற தூரத்தில் உதிரிப்பாகமும் அதைப் பூட்டத் தெரிந்த கைகளும் இருப்பதற்காகவே. பொஷ் வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். நீல நிறம் தொழில் செய்பவர்களுக்கானது, பச்சை நிறம் வீட்டுப் பாவனைக்கானது. உங்களுடைய அளவு வேலைக்குப் பச்சையே போதும் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அலுமாரி முடிந்ததும் கட்டில், அதன்பின் மேசை என்று வேலை வளரும் என்பது என் அனுபவம். நீலத்தையே எடுங்கள்.

ரவுட்டரில் ஒரு விடயத்தை மிகக் கவனமாகப் பாருங்கள். அலகைப் பிடிக்கிற கொலெட் 6 மில்லிமீற்றர், கால் அங்குலம், 8 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர், அரை அங்குலம் என்று பல அளவுகளில் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் 12 மில்லிமீற்றர் அலகைத் தந்து, "அரை அங்குலத்துக்கும் சரிவரும்" என்றார்கள். நானும் நம்பிப் பூட்டினேன், இறுகியது போலத்தான் தெரிந்தது. தேக்குக் கதவு நிலையில் 6 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் காடி எடுத்துக்கொண்டிருந்தபோது, அலகு மெல்ல மெல்லக் கீழிறங்கி, கையில் ஓர் அதிர்வு தட்டி நான் நிறுத்துவதற்குள் காடியின் கடைசிப் பகுதி 11 மில்லிமீற்றர் ஆழமாகிவிட்டது. நிலையை மாற்றிக் கொடுத்தேன். அலகு முற்றாகக் கழன்று பறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அளவு எழுத்தில் ஒத்துப்போகாத அலகை ஒருபோதும் பூட்டாதீர்கள்.

ஜப்பான் கருவிகள் உறுதியானவைதான், ஆனால் அங்கே மின்சாரம் 100 வோல்ற்று, இங்கே 230. நேரே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். பெயர்த்தகட்டில் 100 என்று இருந்தால் தகுந்த மின்மாற்றியும் வேண்டும், அந்தச் செலவையும் சுமையையும் சேர்த்தால் பாதி விலை என்பது பாதி விலையாக இராது.

கல்கிசை மின்பொறியியலாளர்:

ஐயா சொன்னதற்கு மேல் தெரிவு பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பற்றரிக் கருவி வாங்க நினைத்தால் மட்டும், 18 வோல்ற்று என்பதும் "அதிகபட்சம் 20 வோல்ற்று" என்பதும் ஒன்றே என்பதை அறிந்துகொள்ளுங்கள். இரண்டிலும் ஐந்து கலங்களே தொடராக இருக்கின்றன, கலமொன்றுக்கு 3.6 வோல்ற்று என்று கணக்கிட்டால் 18, முழுதாக மின்னேற்றிய கணத்தின் ஏறக்குறைய 4 வோல்ற்றைக் கொண்டு கணக்கிட்டால் 20.

நானும் கடற்கரைக்கு அருகில் வசிப்பவன் என்பதால் உங்கள் கறள் கவலை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, வியர்வைக் கையிலும் உப்பு இருப்பதால்தான் உங்கள் விரல் ரேகை பதிந்தது. மரத்தூளும் அப்படியே ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு ஒட்டவைத்திருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் தூளைத் தூரிகையால் தட்டி, அலகுகளையும் வாள் தகட்டையும் தையல் இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

களஞ்சிய அறையைக் காப்பாற்ற முயல்வதைவிட, நன்றாக மூடக்கூடிய ஓர் அலுமாரியைக் காப்பாற்றுவது எளிது. நான் செய்திருப்பது இதுதான்: அலுமாரியின் அடித்தட்டில், கம்பி வலைக் கூடு போட்டு, 15 வாற்று பழைய இழை மின்குமிழ் ஒன்றை எப்போதும் எரியவிட்டிருக்கிறேன். உள்ளே வெப்பம் 28 பாகையிலிருந்து 32 பாகைக்கு உயர்ந்தாலே, 85 சதவீதமாக இருந்த சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்ற அளவு) 68 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். காற்றிலுள்ள நீர் குறையாவிட்டாலும், சூடான காற்றால் கூடுதல் நீரைத் தாங்க முடியும் என்பதே காரணம். மாதத்துக்கு 11 அலகு மின்சாரம் செலவாகும். எல்ஈடி குமிழ் போட்டுப் பயனில்லை, அதில் போதிய சூடு வராது.

சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஈரமுறிஞ்சி டப்பாக்களைக் கருவிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது கல்சியம் குளோரைட்டு. அது ஈரத்தை உறிஞ்சி உப்புநீராகி அடியில் தேங்கும். ஒருமுறை டப்பா சரிந்தால், கடற்காற்று ஒரு வருடத்தில் செய்வதை அந்த நீர் ஓரிரவில் செய்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நல்லவை, அவற்றைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பவும் பயன்படுத்தலாம்.

பற்றரிகளை அந்தச் சூடான அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். அவற்றை வீட்டின் குளிர்ந்த அறையில், பாதியளவு மின்னேற்றத்தோடு வையுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமின்னல் தொடங்கும் முன் மின்னேற்றியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்:

தவணை பற்றி நான் சொல்கிறேன் தம்பி. "வட்டியில்லாத் தவணை" என்ற அறிவித்தலைப் பார்த்ததும், ரொக்கத்துக்கு என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். ரொக்க விலை 88,000 ரூபாய் என்றும், தவணையில் மாதம் 8,000 ரூபாய் வீதம் 12 மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 96,000. மேலதிகம் 8,000 தானே, 9 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால், 88,000 ரூபாய் முழு வருடமும் உங்கள் கையில் இருப்பதில்லை. உண்மையான வருட வட்டி ஏறக்குறைய 16 சதவீதம். இரண்டு விலையும் ஒன்றாகவே இருந்து, வங்கி எடுக்கும் கட்டணமும் சிறிதாக இருந்தால் மாத்திரம் தவணையை எடுங்கள்.

எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டுப் பிடிக்கிறோம், என் தம்பி தன் மேசைவாளை அதில் வந்த ஒரு இலட்சத்தில்தான் வாங்கினான். நம்பிக்கையானவர்கள் இருந்தால் அதற்கு ஈடில்லை.

பற்றுச்சீட்டில் கருவியின் மாதிரி இலக்கமும் தொடரிலக்கமும் எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வெறுமனே "வாள் 1" என்று எழுதித் தந்த ஒரு சீட்டோடு உத்தரவாதம் கேட்கப் போய், இது நாங்கள் விற்ற வாள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டு, நானும் தம்பியும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். வெப்பத்தில் அச்சாகும் சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் அன்றைக்கே படமெடுத்து வையுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி காபன் பிரஷ் கேட்டேன். பெட்டி விற்ற கடையில் இல்லை. நான்காவது கடையில் கேட்டு முடிக்குமுன் எடுத்து வைத்தார்கள். 185 மில்லிமீற்றர் வட்டவாளை ரொக்கத்துக்கு வாங்கிவிட்டேன், தொடரிலக்கம் சீட்டில் இருக்கிறது. ரவுட்டருக்கு இரண்டு மாதம் பொறுத்திருப்பேன் கணக்காளர் அக்கா, தவணை வேண்டாம். இழைக் குமிழும் தேடிப் பிடித்துவிட்டேன். மஹோகனிக்கு எத்தனை பல் தகடு வாங்க வேண்டும்?

தெமட்டகொடைத் தச்சர்:

நாரோடு நீளமாக அறுக்க 24 பல், குறுக்கே அறுக்க 40 பல், இரண்டும் காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்தவையாக இருக்கட்டும். தகட்டின் நடுத்துளை 20, 30, 15.88 மில்லிமீற்றர் என்று மாறுபடும் என்பதால், வாளோடு வந்த தகட்டைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், புதியதன் மேல் வைத்துத் துளையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள் தம்பி.