2021 மலேசிய வெள்ளம்: யாரைக் கூப்பிட்டீர்கள், யார் வந்தார்கள்?

பாலத்தோரம்:
மழை, ஆறு ஏறியது, கரண்ட் போனது, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. டிசம்பர் 18, சனிக்கிழமை. எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு போன் கால். எங்கள் வீடு சுங்கை பத்து ஓரம். கொஞ்ச தூரம் தள்ளினால் சிலாங்கூர், எங்கள் பக்கம் கேஎல் (கோலாலம்பூர்). மாமியாரால் நடக்க முடியாது. தண்ணீர் சாமி மேடையைத் தொட்டதும் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். முகவரியைச் சொன்னேன். "காக் (அக்கா), அது கேஎல்லா, சிலாங்கூரா?" என்றார். தபால் எண் பத்துமலையுடையது, வீட்டு வரி கட்டுவதோ கேஎல் மாநகர மன்றமான டிபிகேஎல்லுக்கு. இரண்டையும் சொன்னேன். உடனே, "வேறு நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். இடுப்பளவு தண்ணீரில் பேனாவுக்கு எங்கே போவது? கடைசியில் மாமியாரைத் தூக்கிக்கொண்டு போனது எதிர்வீட்டு மலாய்க்காரப் பையன்கள். லோரி டியூப்பில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மாடிவீட்டுக்காரி:
உங்களுக்குப் போனை எடுக்கவாவது ஆள் இருந்தது. நாங்கள் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா. சைரன் எதுவும் என் காதில் விழவில்லை. கீழே கார் மூழ்கிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. வந்த படகுகளில் முதலில் வந்தவை மீன் பிடிக்கிறவர்களுடையவை, கயாக் வைத்திருந்தவர்களுடையவை. குருத்வாராவில் சமைத்த சப்பாத்தியையும் பருப்பையும் இரட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டி, துடைப்பக்கட்டை நுனியில் மாட்டி மாடி ஜன்னலுக்கு நீட்டினார்கள். பிளாஸ்டிக்கைத் தொட்டபோது சூடு இருந்தது. அதுதான் எனக்கு மறக்கவில்லை.

மறுநாளோ என்னவோ, சுற்றுச்சூழல், நீர் அமைச்சின் தலைமைச் செயலாளர் சொன்னதைப் படித்தேன். கேஎல்லில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிவிட்டதாம், இது 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதாம். சரி, பிறகு 2022 மார்ச்சில் கேஎல் மறுபடியும் மூழ்கியதே, அது எந்த நூறு ஆண்டுக் கணக்கு?

பம்ப்ஹவுஸ் பழைய ஆள்:
தங்கச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் நூறு ஆண்டு என்பது காலண்டர் கணக்கு இல்லை. எந்த வருடத்திலும் அப்படி ஒரு மழை வர நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். அடுத்த வருடமே வந்தாலும் வரும். மார்ச்சில் வந்தது வேறு வகை. இரண்டு மணி நேரம் கொட்டி லோங்காங் (சாக்கடை) தாங்காமல் வரும் திடீர் வெள்ளம் அது.

நான் குத்தகையில் பம்ப் பார்த்தவன், எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஜனங்கள் கரையில் நின்று "மதகைத் திற, திற" என்று கத்துவார்கள். வெளியே ஆறு உயரம், உள்ளே தாமான் (குடியிருப்பு) பள்ளம். திறந்தால் ஆறுதான் உள்ளே வரும். கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் ஆற்றுக்கும் இறங்க வழி கிடையாது. அப்போது இருக்கிற ஒரே வழி பம்ப். அந்தப் பம்பின் வாய்க் கம்பியில் அன்றைக்கு நான் இழுத்தெடுத்தது ஒரு குயின் சைஸ் மெத்தை. அதைப் போட்டது அரசாங்கமா?

மாடிவீட்டுக்காரி:
மெத்தையைப் போட்டது அரசாங்கம் இல்லை அண்ணே. பள்ளத்தில் ஆயிரக்கணக்கான வீடு கட்ட ஒப்புதல் கொடுத்தது யார்? வீடு வாங்குகிறவர்களுக்கு ஆறும் மதகும் தெரியுமா?

பாலத்தோரம்:
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே என்று என் தம்பி கேட்டான். 2007இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர். அது கிளாங், அம்பாங் ஆறுகள் சேரும் இடத்தில் தண்ணீரை எடுத்து, தாமான் டேசா குளத்துக்குக் கொண்டுபோய், சுங்கை கெராயோங்கில் விடுகிறது. அதனால் தப்பிப்பது கேஎல் நடுவில் இருக்கும் மஸ்ஜித் ஜாமெக் வட்டாரம். எங்கள் சுங்கை பத்து அந்தப் பாதையிலேயே இல்லை. எங்கள் பக்கத்துக்கு மழைநீர் தேங்கும் குளங்கள்தான். அந்தக் குளங்களின் நிலமே கட்டடத்துக்குப் போகிறது என்று நாடாளுமன்றம் வரை பேச்சு வந்தது.

காப்பீட்டு மாமா:
என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, வாசல்படியோடு நின்றுவிட்டது. ஆனாலும் சிலது சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. கார் காப்புறுதி முதல் தரம் (முழுக் காப்பு) என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வெள்ளம் அதில் தானாகச் சேராது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்று தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. டோ லோரியைக் கூப்பிடுங்கள். வீட்டில் மெயின் சுவிட்சை நீங்களே போடாதீர்கள், வயர்மேன் பார்க்கட்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள், ஒரு அளவுகோலை நிற்க வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. நனைந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் தூக்கி எறிவதற்கு முன் சீரியல் நம்பரோடு படம். பொலிஸ் ரிப்போர்ட்டில் ஐசி (அடையாள அட்டை), பேங்க் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். நிவாரண மையத்துக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாலும் பெயரைப் பதியாமல் விடாதீர்கள். பிறகு உதவித்தொகை கேட்கும்போது, "நீங்கள் பட்டியலில் இல்லையே" என்பார்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் உங்கள் ஆற்றின் நிலையம் இருக்கும். வஸ்பாடா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பாஹாயா (ஆபத்து) என்று மூன்று படி. அமாரான் வந்தாலே காரை மேட்டுக்கு எடுத்துப் போங்கள். கிரெண்ட் (உரிமைப் பத்திரம்) வைத்திருப்பவர்கள் அதை மாடியில் வையுங்கள்.

பாலத்தோரம்:
மாமா, நன்றி. ஆனால் நான் காப்பீடு கேட்கவில்லை. என்னிடம் கார் கிடையாது.

தீவுக்காரன்:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். கேஎல்காரர்களுக்கு 2021, எங்களுக்கு 2017 நவம்பர் 4, 5. பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்தார்கள். மலையை வெட்டாதே என்று அப்போதே பேசினோம்.

எனக்கு நினைவில் நிற்பது ரேடியோ செய்தி. முதலமைச்சர் லிம் குவான் எங் அதிகாலை மூன்று மணிக்குத் துணைப் பிரதமரைப் போனில் கூப்பிட்டு ராணுவத்தை அனுப்பக் கேட்டாராம். ஆயர் ஈத்தாமில் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மாநில முதலமைச்சருக்கே ஆள் வேண்டுமென்றால் ஒரு போன்தான் வழியா என்று தோன்றியது. ஆறும் நிலமும் மாநிலத்துடையது, வடிகால் இரண்டு பேருக்கும் பொது, பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கான பணம் மத்தியில். சுங்கை பினாங்கு திட்டம் எத்தனையோ வருடம் அந்தப் பணத்துக்குக் காத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கட்சியாக இருந்திருந்தால் சீக்கிரம் நடந்திருக்குமா? நான் அப்படித்தான் நினைக்கிறேன், சிலர் அடிக்க வருவார்கள்.

பம்ப்ஹவுஸ் பழைய ஆள்:
அடிக்க வரவில்லை. ஆனால் கேஎல்லில் அந்தச் சாக்கும் செல்லாது. கூட்டரசுப் பிரதேசம், மாநில அரசே கிடையாது. எல்லாம் மத்தியின் பொறுப்பு. அப்படியும் ஜாலான் ஈப்போவில் தண்ணீர் நின்றதே.

செந்தூல் லோரி:
நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று டன் லோரி, காய்கறி ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் ஸ்ரீ மூடாவிலிருந்து கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். ஒரு சந்திப்பில் சீருடை போட்ட ஒருவர் நிறுத்தி, "சரக்கு லோரியில் ஆள் ஏற்றக் கூடாது" என்றார். பின்னால் முழங்கால் தண்ணீரில் ஒரு பாட்டி பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. நான் பாட்டியைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி வாக்கி டாக்கியில் பேச ஆரம்பித்தார். நான் பின்கதவைத் திறந்தேன்.

அப்புறம் பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் சேறு. மத்திய அரசு குடும்பத்துக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறது, சிலாங்கூரும் தனியாக 1,000 கொடுக்கிறது என்றார்கள். ஒரு அலுவலகத்தில் போய், லோரிக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, பாரத்தை எடுத்து முழுக்கப் படித்துப் பார்த்தது. "பாதிக்கப்பட்ட வீடு எது அங்கிள்?" என்றது. வீடு எதுவும் இல்லையம்மா, லோரிதான், நான் செந்தூல் என்றேன். பாரத்தை மறுபடி அடுக்கில் வைத்துவிட்டது.