ஃபில்டர் போட்ட பிறகும் பில்லுக்குப் பில் நிறம் மாற வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். மளிகை மொத்தக் கடையின் விற்பனைக் கணக்கை எக்ஸலில் வைத்திருக்கிறேன். தேதி, பில் எண், ஊர், சரக்கு, மூட்டை, தொகை என்று ஆயிரக்கணக்கில் வரிகள்.

ஒன்று விட்டு ஒரு வரிக்குச் சாம்பல் நிறம் வர, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைப்படி தானாக நிறம் போடும் வசதி) வரி எண்ணை 2-ஆல் வகுத்து மீதி பார்க்கும் மாட் (MOD) சூத்திரம் போட்டிருந்தேன். ஊர் வாரியாக ஃபில்டர் போட்டால் போதும், குழம்பிவிடும். 4, 8, 10, 15 ஆகிய வரிகள் மிஞ்சினால் முதல் மூன்றும் ஒரே சாம்பல் பட்டை.

அப்புறம் சப்டோட்டல் 103 (SUBTOTAL) சூத்திரத்துக்கு மாறினேன். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் எண்ணுவதால் நிறம் சரியாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவதால் ஸ்க்ரோல் செய்தாலே ஷீட் திணறுகிறது. கன்ட்ரோல் டி அழுத்தி டேபிளாக்கினால் இந்தச் சுமை இல்லை, ஃபில்டரிலும் பட்டை ஒழுங்காக வரும். அது தெரியும்.

எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. ஒரே பில்லில் நாலைந்து சரக்கு இருந்தால் அந்த வரிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். அடுத்த பில் தொடங்கும்போதுதான் நிறம் மாற வேண்டும், ஃபில்டர் போட்ட நிலையிலும். வசூலுக்குப் போகிறவர் கையில் அச்செடுத்துக் கொடுக்கிற தாள் இது. வரி மாறிப் படித்தால் ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் விழும்.

மேக்ரோ வேண்டாம், முதலாளி போனிலும் திறந்து பார்ப்பார். கூடுதலாக ஒரு நெடுவரிசை சேர்ப்பதென்றால் சரி. செய்து பார்த்தவர்கள் சூத்திரத்தோடு சொல்லுங்கள்.