கிராம் ஸ்டெயின் ஸ்லைடுகளும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை வியாசர்பாடியில், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்துள்ள மாணவர்களுக்கு, மாலை வேளைகளில் மருத்துவ நுண்ணுயிரியலின் அடிப்படைகளைக் கற்பித்து வருகிறேன். பாக்டீரியாவின் செல்லில் உட்கருச் சவ்வு இல்லை, பூஞ்சையில் உண்டு, வைரஸுக்குச் செல்லே கிடையாது என்பதெல்லாம் அவர்களுக்கு எளிதாகவே புரிந்துவிடுகிறது.

பாக்டீரியாக்களைச் சாயமேற்றி இரு வகையாகப் பிரித்தறியும் கிராம் ஸ்டெயினில்தான் தடுமாறுகிறார்கள். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட இம்முறையின் இன்றைய வடிவில், கிரிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயமும் அயோடினும் இட்டபின் ஆல்கஹாலால் கழுவும்போது, தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவருள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ள, மெல்லிய சுவரும் அதற்கு மேல் ஒரு வெளிச்சவ்வும் கொண்ட ஈ.கோலை பாக்டீரியா நிறமிழந்து, பிறகு இடும் சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயத்தில் இளஞ்சிவப்பாகிறது. இதைத் தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள், திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கும் அந்த ஊதாப் புள்ளிகளை ஒருமுறையேனும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. பார்க்காமல் படிக்கும் நுண்ணுயிரியல் தேர்வோடு மறந்துபோகும்.

எனவே, எண்ணெய்த் துளி இட்டுப் பார்க்கும் 100எக்ஸ் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸுடன் இயங்கும் பழைய மைக்ரோஸ்கோப் எவரிடமேனும் இருந்தால், இரவலாகவாவது தந்துதவ வேண்டுகிறேன். சாயமேற்றி நிலைப்படுத்திய ஸ்லைடுகளும் தேவை. காசநோய்க் கிருமியைக் காட்டும் ஆசிட் ஃபாஸ்ட் (அமிலத்தால் கழுவினாலும் நிறமிழக்காத) ஸ்லைடு கிடைத்தால் மிகவும் நல்லது. எங்களிடம் பாதுகாப்பு வசதி இல்லாததால், உயிருள்ள கல்ச்சர் (வளர்த்தெடுத்த கிருமிகள்) எதையும் அருள்கூர்ந்து தர வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பகுதிகளில் நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.